பிரிட்டிஷ் பாலே: நற்றாய் யார், செவிலி யார்?

கேள்வி: பிரிட்டனின் தேசிய பாலே எப்போது பிறந்தது?

பதில்: 1931இல். அதற்கு முன்பும் லண்டனில் பாலே நடந்தது. டென்மார்க்கின் அடலின் ஜெனே லெஸ்டர் சதுக்கத்து எம்பயர் அரங்கில் ஆடினார். பின்னர் பாலே அமைப்பாளர் தியாகிலெவின் ரஷ்யக் குழு வந்து ஊரையே மயக்கியது. அவர்கள் எல்லோரும் விருந்தாளிகள். 1929இல் தியாகிலெவ் இறந்ததும் குழு கலைந்தது. அக்குழுவில் ஆடியிருந்த நினெட் டி வலுவா, 1926இலேயே லண்டனில் பள்ளி திறந்து, ஓல்ட் விக் அரங்கை நடத்திய லிலியன் பேலிஸின் கதவைத் தட்டியிருந்தார். 1931 ஜனவரியில் பேலிஸ் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கைத் திறந்தபோது பள்ளிக்கும் குழுவுக்கும் அங்கே இடம் கிடைத்தது. தலைக்கு மேல் கூரை வந்த அந்த நாள்தான் என் கணக்கில் பிறந்தநாள்.

கேள்வி: அதுதானே ராயல் பாலே?

பதில்: குழு அதுவே, பெயர்தான் வேறு. அப்போது அது விக்-வெல்ஸ் பாலே. ‘ராயல்’ பெயரைத் தந்த அரச சாசனம் 1956இல்தான் வந்தது. முப்பதுகளைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து ‘ராயல்’ என்று போடாதீர்கள்.

கேள்வி: அக்குழுவின் தொடக்ககால நட்சத்திர நடனமணி அலீசியா மார்கோவா ரஷ்யரா?

பதில்: லண்டனில் பிறந்த லிலியன் மார்க்ஸ். ரஷ்யப் பெயருக்குத்தான் டிக்கெட் விற்ற காலம் அது.

கேள்வி: லண்டனில் இன்னொரு பாலே குழுவை நடத்திய மாரி ராம்பெர்ட்டை ஏன் மறைக்கிறீர்கள்? 1926இலேயே ஃபிரடெரிக் ஆஷ்டனை நடனம் அமைக்க வைத்தவர் அவர். நற்றாய் அவரே, டி வலுவா வெறும் செவிலி.

பதில்: மறைக்கவில்லை. ஆஷ்டன், ஆன்டனி டியூடர் என்ற இரு நடன அமைப்பாளர்களையும் கண்டெடுத்த கண் ராம்பெர்ட்டுடையது. அதில் டி வலுவா அவருக்கு ஈடில்லை. ஆனால் நாட்டிங் ஹில் கேட்டில் ராம்பெர்ட்டின் மேடை ஒரு கைக்குட்டை அளவு. அங்கே ‘அன்ன ஏரி’ (Swan Lake) போன்ற பெரிய பாலேயை எப்படி ஆடுவது? 1935இல் ஆஷ்டன் விக்-வெல்ஸுக்குப் போய்விட்டார். வளர்த்தவருக்கு ‘வெறும்’ என்று அடைமொழி போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: ராம்பெர்ட் வார்சாவில் பிறந்தவர், டி வலுவா அயர்லாந்தில் பிறந்தவர். இதில் பிரிட்டன் எங்கே?

பதில்: 1931இல் டி வலுவா அமைத்த ‘யோபு’ பாலேயைப் பாருங்கள். ஆங்கிலேயரான வில்லியம் பிளேக்கின் ஓவியங்கள், இன்னொரு ஆங்கிலேயரான வான் வில்லியம்ஸின் இசை. பிரிட்டன் அங்கே இருக்கிறது. ஆனால் புதுப் படைப்புகளை மட்டும் நம்பி ஒரு தேசியக் குழு நிற்காது. புரட்சிக்குப் பின் நிகலாய் செர்கெயேவ் ரஷ்யாவிலிருந்து நடனக் குறிப்பேடுகளைக் கொண்டுவந்திருந்தார். அவற்றை வைத்தே 1934இல் ‘கிசெல்’, ‘நட்கிராக்கர்’, ‘அன்ன ஏரி’ மூன்றும் மேடையேறின. அடித்தளம் கடன் வாங்கியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பாலே ஷூ எப்போது வாங்கலாம்?

பதில்: அவளுடைய ஆசிரியரைக் கேளுங்கள். நான் வரலாற்றுக்காரன்.

கேள்வி: 1931இல் ராயல் பாலேயின் முதல் முழு மாலை நிகழ்ச்சி எங்கே நடந்தது?

பதில்: மே 5, ஓல்ட் விக்கில். விக்-வெல்ஸ் ஐயா, விக்-வெல்ஸ்.