தலை கழன்ற காளான்: டுலோஸ்டோமா சரி, புருமாலேயா?

கேள்வி: மழை விட்டு இரண்டு வாரம் கழித்து, கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பின் மணலில் இதைப் பார்த்தேன். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடித்த காம்பு, மேலே சுண்டைக்காய் அளவில் உருண்டைத் தலை, உச்சியில் சின்ன ஓட்டை. அமுக்கினால் காவி நிறத்தில் தூள் பறந்தது. பிடுங்கும்போது தலை மட்டும் கழன்று கையோடு வந்துவிட்டது. செல்போனில் படத்தைப் போட்டுத் தேடினால் 'டுலோஸ்டோமா புருமாலே' என்கிறது. அதையே கல்லூரி ப்ராஜெக்ட்டில் எழுதலாமா? சாப்பிடலாமா?

பதில்: சாப்பாட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம். அந்த நிலையில் அதற்குள் இருப்பது வெறும் தூளும் நாரும்தான்.

பெயருக்கு வருவோம். 'டுலோஸ்டோமா' என்பது பேரினத்தின் பெயர், அது வரைக்கும் தைரியமாக எழுதுங்கள். 'புருமாலே' அதற்குள் ஒரு இனத்தின் பெயர், அதை இப்போதைக்கு அடித்துவிடுங்கள்.

தலை கழன்றதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நீங்கள் அனுப்பிய படத்தைவிட அந்த வரிதான் உதவியது. டுலோஸ்டோமாவின் காம்பு தலைக்குள் போவதில்லை. தலையின் அடியில் ஒரு குழி இருக்கும், காம்பின் நுனி அதில் செருகி வைத்தது போல உட்கார்ந்திருக்கும். காய்ந்துவிட்டால் லேசாக இழுத்தாலே கழன்று வரும். கையில் உள்ள தலையைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஒரு வட்டக் குழி, அதைச் சுற்றிக் கிழிந்த காலர் போல ஒரு விளிம்பு, அதோடு ஒட்டிய மணல். அந்த மணலைக் கழுவிவிடாதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

நம் பக்கம் இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியது போடாக்சிஸ் என்ற காளான். கறையான் புற்றின் மேல் வெள்ளையாக நீண்டு நிற்கும். அதில் காம்பு குடைக்கம்பி மாதிரி தலையின் உச்சி வரை ஓடும். உச்சியில் ஓட்டை கிடையாது, அடி விளிம்புதான் கிழியும். அதற்கு நம் கரையோடு ஒரு பழைய உறவும் உண்டு. கடலூருக்குத் தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் மருத்துவராக இருந்தவர் கோனிக், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். இந்தியாவிலிருந்து அவர் மூலம் போன மாதிரியை வைத்துத்தான் லின்னேயஸ் 1771இல் அந்தக் காளானுக்குப் பெயர் வைத்தார். சவுக்கு, யூகலிப்டஸ் தோப்பு என்றால் பைசோலித்தஸ் என்ற காளானையும் நினைவில் வையுங்கள். அதை வெட்டினால் உள்ளே பட்டாணி பட்டாணியாக உருண்டைகள் தெரியும். உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை.

சரி, புருமாலே ஏன் கூடாது? இந்தக் காளான்களில் இனத்தைப் பிரிப்பது மூன்று இடங்கள்: வாய், வெளித்தோல், ஸ்போர் (அமுக்கினால் பறக்கிற தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு ஸ்போர், காளானின் விதை மாதிரி). முதலில் வாய். உச்சி ஓட்டை சின்னக் குழாய் போல நீட்டிக்கொண்டு, சுற்றிலும் பழுப்பு வளையத்தோடு இருந்தால் அது புருமாலே வகை வாய். ஓரம் நார் நாராகப் பிசிறடித்திருந்தால் ஃபிம்பிரியேட்டம் போன்ற வேறு டுலோஸ்டோமா இனங்களின் பக்கம் போக வேண்டும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குப் பிசிறு மாதிரிதான் தெரிகிறது, ஆனால் செல்போன் படத்தை நம்பி நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அடுத்து வெளித்தோல். காளான் மண்ணுக்குள்ளேயே உருவாகி, பிறகு காம்பு நீண்டு தலையை மேலே தூக்குகிறது. அப்போது தலையைப் போர்த்தியிருந்த தோல் உதிர்ந்துபோகும், அடியில் மட்டும் கொஞ்சம் தங்கும். அது வெறும் சவ்வா, மணலைக் கட்டிப் பிடித்த நூல்களா என்பதுதான் அடையாளம். கழுவ வேண்டாம் என்றது அதற்காக.

மூன்றாவதுக்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். சிட்டிகைத் தூளை ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர், கவர் ஸ்லிப். 100 மடங்கு ஆயில் லென்ஸில் பாருங்கள். ஸ்போர்கள் உருண்டையாக, சுமார் 4 முதல் 7 மைக்ரான் இருக்கும். மேலே முள்ளா, மருவா, வரிவரியான மேடா, மொழுக்கென்று இருக்கிறதா? ஸ்ட்ரையேட்டம் என்ற இனத்துக்கு அந்த வரிகளால்தான் பெயரே வந்தது.

ஐரோப்பிய டுலோஸ்டோமாக்களின் டி.என்.ஏ.வைப் பார்த்து 2017இல் வந்த ஆய்வில், நினைத்ததைவிட அதிக இனங்கள் ஒளிந்திருந்தது தெரிந்தது. அங்கேயே அந்த நிலை என்றால், அங்கத்திய பெயரைத் தூக்கித் தேவனாம்பட்டினத்து மணலில் ஒட்டுவது அவசரம். புருமாலே என்றால் குளிர்காலத்தது என்று பொருள், நம் மார்கழியைப் பார்த்து வைத்த பெயர் அல்ல.

வகைப்பாட்டில் குடும்பம் அகாரிகேசியே, வரிசை அகாரிகேல்ஸ். கடையில் விற்கும் பட்டன் காளானின் குடும்பம்தான். பழைய பாடநூல்களில் 'கேஸ்டிரோமைசீட்ஸ்' என்று தனி வகுப்பாக இருக்கும், அதை இப்போது யாரும் கொள்வதில்லை. 'டைலோஸ்டோமா' என்று எழுதியிருந்தாலும் இதே பேரினம்தான். காளான் ஆய்வாளர் பெர்சூன் 1794இல் வைத்த எழுத்து டுலோஸ்டோமா.

இன்னொரு நடை தோப்புக்குப் போங்கள். பிடுங்காமல், கரண்டியால் சுற்றி மண்ணோடு தோண்டி, நாலைந்து எடுங்கள். காகிதக் கவரில் போடுங்கள். நான் ஒருமுறை புதுச்சேரியில் எடுத்ததைப் பாலிதீன் பையில் மறந்துவிட்டு, மூன்றாம் நாள் பூசணத்தைத்தான் பார்த்தேன். தேதி, இடம், மண், பக்கத்து மரம் எல்லாவற்றையும் அன்றைக்கே கவரில் எழுதிவிடுங்கள். பழைய தலையையும் எறிய வேண்டாம், ஸ்போர் பார்க்க அது ஒன்றே போதும்.