கேளுங்க அக்கா: 48 வயதில் பட்டமளிப்பு விழாவா?

கேள்வி: அக்கா, நான் பாலர் பள்ளி ஆசிரியை. வயது 48. வேலை பார்த்துக்கொண்டே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகத் தமிழ்ப் பட்டப்படிப்பை முடித்துவிட்டேன். விழாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. "சர்டிபிகேட் எப்படியும் வந்துடும், இந்த வயசுல அங்கியை மாட்டிக்கிட்டு மேடை ஏறணுமா?" என்கிறார் வீட்டுக்காரர். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் நிற்க எனக்கும் கூச்சம்தான். போகவா, வேண்டாமா?
(பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்)

பதில்: போங்கள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

சர்டிபிகேட் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரிதான், அதை ஒப்புக்கொண்டுவிடுவோம். 2019லிருந்து இங்கே கல்விச் சான்றிதழ்கள் ஓப்பன்சர்ட்ஸ் என்ற இணையத் தளம் வழியாக மின்னிலக்க வடிவிலேயே வந்துவிடுகின்றன. வேலைக்கு எடுப்பவர் அதைத் திறந்து சரிபார்ப்பாரே தவிர, நீங்கள் மேடை ஏறினீர்களா என்று கேட்கப்போவதில்லை. விழாவே கொஞ்சம் அலுப்பான சமாச்சாரம் என்பதையும் மறைக்க மாட்டேன். பேராசிரியர்கள் ஊர்வலமாக வருவார்கள், உரைகள் இருக்கும், அப்புறம் பெயர் பெயராக வாசிப்பார்கள், உங்கள் முறை வரும்போது மேடையில் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டீர்கள், மீதி நேரமெல்லாம் ஏசி குளிரில் மற்றவர்களுக்குக் கை தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆனால் முழுநேரமாகப் படித்த பிள்ளைகளுக்கு ஹாஸ்டல், கேன்டீன், கிளப் என்று எல்லாமே இருந்தது. உங்களுக்கு என்ன இருந்தது? வேலை முடிந்து ஓடி வந்து, பையிலிருந்த பன்னை நடந்துகொண்டே தின்றுவிட்டு வகுப்பில் உட்கார்ந்து, பத்து மணிக்கு முடிந்ததும் ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்த்தபடி எம்ஆர்டிக்கு ஓடியிருப்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நோட்ஸ் கொடுத்த தோழியோடு ஒரு போட்டோவாவது இருக்கிறதா? வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அசைன்மென்ட் பற்றிப் புலம்பிய அத்தனை பேரும் பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல், நல்ல உடுப்பில் ஒரே இடத்தில் இருக்கப்போவது அந்த ஒரு நாள்தான். அதற்காகப் போங்கள்.

கூச்சம் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் படித்தது, 2005ல் யூனிசிம் என்ற பெயரில் முக்கியமாக வேலை பார்க்கும் பெரியவர்களுக்காகவே தொடங்கி, 2017ல் நாட்டின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமாக ஆன இடம். அங்கே நரைத்த தலைகளுக்குப் பஞ்சமே இருக்காது, சுற்றிப் பாருங்கள், உங்களைவிட மூத்தவர்களும் கண்ணில் படுவார்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். "கைப்பையைப் பிடிச்சுக்க ஆள் வேணும், லீவு போடுங்க" என்று தேதியை மட்டும் சொல்லுங்கள். மேடையில் உங்கள் பெயரை வாசிக்கும்போது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் எழுந்து நிற்பது அவராகத்தான் இருக்கும். இந்த ஆண்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: மகளின் விழாவுக்கு இரண்டே சீட்டுதான் தருகிறார்களாம். நானும் கணவரும் போனால் பாட்டி, தம்பி எல்லாம் என்ன செய்வது? பாட்டி இப்போதே புடவை எடுத்து வைத்துவிட்டார்.
(ஒரு தாய், சுவா சூ காங்)

பதில்: புடவை வீணாகாது. மண்டபத்துக்குள் நடப்பதைப் பெரும்பாலும் நேரலையில் காட்டுகிறார்கள், அதைத் தம்பி போனில் பாட்டிக்குக் காட்டட்டும். குடும்பப் படம் எடுப்பது எப்படியும் வெளியேதான், அதற்குச் சீட்டு தேவையில்லை. பாட்டியை விழா தொடங்கும் நேரத்துக்கே இழுத்துக்கொண்டு போகாதீர்கள், முடியும் நேரத்துக்கு டாக்சியில் வரச் சொல்லுங்கள். ஜூலை வெயில், உட்கார இடம் கிடைப்பது நிச்சயமில்லை. இன்னொன்று, பாட்டியால் மண்டபப் படிகளில் ஏற முடியும் என்றால் உங்கள் இருவரில் ஒருவர் விட்டுக்கொடுக்கலாம். யார் என்று நான் சொல்ல மாட்டேன், குடும்பத்தில் சண்டை மூட்டிய பழி எனக்கு எதற்கு?

கேள்வி: அங்கிக்குள் புடவை கட்டலாமா? தலையில் பூ வைத்தால் தொப்பி நிற்குமா?
(மாணவி, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: தாராளமாகக் கட்டலாம், ஆனால் கழுத்தில் போடும் அந்த வண்ணத் துணி இருக்கிறதே, அதைச் சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்கென்று முன்னால் ஒரு சின்ன வளையம் வைத்திருப்பார்கள். புடவையில் பொத்தான் ஏது? மாட்டாமல் விட்டால் அது மெல்லப் பின்னால் சரிந்து கழுத்தை இறுக்கும், எல்லாப் படத்திலும் நீங்கள் அதை இழுத்துவிடுகிற கோலத்தில்தான் இருப்பீர்கள். வளையத்தை ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு குத்திவிடுங்கள், தோளில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பையில் நாலைந்து ஊக்கு கூடுதலாக இருக்கட்டும், தோழிகள் கேட்பார்கள்.

உச்சிக் கொண்டை வேண்டாம், தொப்பி தட்டையாக உட்காராது. தாழ்வாகப் பின்னிக்கொண்டு, தேக்காவில் இரண்டு முழம் மல்லி வாங்கிப் பின்னலில் வைத்தால் தொப்பிக்கும் இடைஞ்சல் இல்லை, படத்திலும் பூ தெரியும். புடவையை ஒரு விரல் மேலே தூக்கியே கட்டுங்கள், மேடைப் படிகளில் அங்கியும் கொசுவமும் சேர்ந்து காலில் மாட்டும். பெயரை எப்படி உச்சரிப்பது என்று முன்கூட்டியே கேட்டுப் படிவம் அனுப்பினால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், நம் பெயர்களில் வரும் "ழ" வாசிப்பவரைப் படாத பாடு படுத்தும்.

அப்புறம், தொப்பியை மேலே எறிந்து படம் எடுக்க ஆசைப்படுவீர்கள். எறியுங்கள், ஆனால் அதன் முனை கூர்மை, அண்ணாந்து பார்த்தபடி நிற்காதீர்கள். வாடகைத் தொப்பி என்றால் எங்கே விழுந்தது என்று தேடி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.