காற்றாலைக்கு நிலம் கேட்கிறார்கள்: கூந்தன்குளத்துப் பறவைகளுக்கு ஆபத்து வருமா?

கேள்வி: நாங்குநேரி வட்டாரத்தில், கூந்தன்குளம் சரணாலயத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி எங்களுக்கு ஏழு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. காற்றாலை நிறுவ இடம் வேண்டும் என்று ஒரு தரகர் வந்து முன்பணமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘இப்பகுதியில் பறவை நடமாட்டம் இல்லை’ என்று எழுதிய கடிதத்தில் நானும் பக்கத்து நிலத்துக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டுமாம். வெளிநாட்டுப் பறவைகள் வருவது ஐப்பசி, கார்த்திகையில். காற்று அடிப்பது ஆனி, ஆடியில். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். எங்கள் ஊர் ஆலமரத்தில் வௌவால்களும் ஏராளம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிலம் கொடுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. பறவை இல்லை என்று நிலத்துக்காரரே எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு ஒரு கூழைக்கடா அடிபட்டு விழுந்தாலும் எல்லோரும் எடுத்து நீட்டப்போவது உங்கள் கையெழுத்தைத்தான். பறவை நடமாட்டம் உண்டா இல்லையா என்பதை ஆண்டு முழுவதும் பார்த்துக் கணக்கெடுத்த ஒருவர் சொல்ல வேண்டும். அது உங்கள் வேலையுமல்ல, தரகரின் வேலையுமல்ல.

காற்றாலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் தொடங்கி, ஆரல்வாய்மொழி, கயத்தாறு, பல்லடம், உடுமலை என்று பரவிய இந்தக் காற்றாடிகள் நமக்கு நிறையக் கொடுத்திருக்கின்றன. நிலக்கரியை எரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். எங்கே நடுகிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தான் பறவைகளின் பிழைப்பு இருக்கிறது.

காற்றாடி மெதுவாகத்தானே சுற்றுகிறது, பறவைக்குக் கண் தெரியாதா என்று பலரும் கேட்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இன்று நிறுவும் பெரிய காற்றாலை ஒன்றின் இறக்கை சுமார் 70 மீட்டர் நீளம். நிமிடத்துக்குப் பதினொரு சுற்று என்று வைத்துக்கொண்டாலும், இறக்கையின் நுனி மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கழுகு, பாறு போன்றவை பறக்கும்போது இரை தேடித் தலையைக் கீழே சாய்த்துக்கொள்ளும். அப்போது நேர் எதிரே இருப்பது அவற்றின் பார்வையில் விழாது. ஸ்பெயினின் தரிஃபா பகுதியில் பாறுக் கழுகுகள் அடிபட்டுச் சாவது பெரும் பிரச்சினையாயிற்று. கழுகு நெருங்கும்போது குறிப்பிட்ட காற்றாடிகளை மட்டும் சற்று நேரம் நிறுத்தினார்கள். சாவு பாதியாகக் குறைந்தது, மின் உற்பத்தி இழப்பு ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

‘பூனை கொல்வதைவிடவா காற்றாலை கொல்கிறது’ என்ற வாதமும் உங்கள் காதுக்கு வரும். பூனை கூழைக்கடாவைக் கொல்வதில்லை. காற்றாலையால் பெரிதும் பாதிக்கப்படுவது மெதுவாக வளர்ந்து, குறைவாகக் குஞ்சு பொரிக்கும் பெரிய பறவைகள். ஒன்று போனால் ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். சாகாவிட்டாலும் இடத்தை விட்டுப் போய்விடும். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா அருகே சால்கேவாடி மேட்டு நிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், காற்றாலை இருந்த பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இருந்தன. பயமுறுத்த ஆளில்லாமல் ஓணான்கள் அங்கே பெருகிக் கிடந்தன.

இப்போது தரகர் சொன்ன பருவக் கணக்குக்கு வருகிறேன். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தானது. வரித்தலை வாத்து போன்ற வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் வந்து மார்ச், ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். நம் காற்று மே முதல் செப்டம்பர் வரை. இது சரி. ஆனால் கூந்தன்குளத்தின் பெருமை வாத்துகளால் மட்டும் வந்ததல்ல. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வீட்டுக் கொல்லை மரங்களில்கூடக் கூடுகளைப் பார்க்கலாம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தை மாதவாக்கில் தொடங்கும் இந்தக் குடித்தனம் ஜூன் வரை நீளும். அதாவது காற்றாடிகள் முழு வேகம் எடுக்கும் அதே வாரங்களில்தான், பறக்கப் பழகாத இளம் குஞ்சுகள் முதன்முதலாகக் குளத்தை விட்டு வெளியே வருகின்றன. தாய்ப் பறவைகளும் சும்மா இருப்பதில்லை. காலை வெயில் ஏறித் தரை சூடானதும், மேலெழும் வெப்பக் காற்றில் வட்டமடித்து உயரே போய், அங்கிருந்து சிறகசைக்காமல் சறுக்கிக்கொண்டு அடுத்த குளத்துக்கு மீன் பிடிக்கப் போகும். அந்த ஏறும் வழியும் இறங்கும் வழியும் இறக்கைகள் சுழலும் உயரத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். கோடையில் குளம் வற்றினால் இன்னும் அதிக தூரம் போகும். அந்தக் கோடை முடியும்போதுதான் உங்கள் காற்று தொடங்குகிறது. ஆகவே மே மாதத்தில் இரண்டு நாள் வந்து, வாத்து இல்லை என்று எழுதிக்கொண்டு போகும் கணக்கெடுப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள். தை, மாசி, வைகாசி, ஆடி, கார்த்திகை என்று ஒவ்வொரு பருவத்திலும் காலையும் மாலையும் பார்த்திருக்க வேண்டும்.

வௌவால் விஷயம் வேறு. உங்கள் ஆலமரத்தில் தொங்குவது பழந்தின்னி. காற்றாலைகளில் உலகெங்கும் அதிகம் சாவது பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். இறக்கை அடித்தும் சாகின்றன. இறக்கையை ஒட்டிக் காற்றழுத்தம் சட்டென்று இறங்குவதால் நுரையீரலில் ரத்தம் கசிந்தும் சாகின்றன என்று கனடாவில் 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பலமான காற்றில் இவை அதிகம் பறப்பதில்லை. காற்று மந்தமான இரவுகளில்தான் வெளியே வரும். அந்த நேரத்தில் காற்றாடியும் பெரிதாக மின்சாரம் தருவதில்லை. இதை வைத்தே அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு வழி கண்டார்கள். காற்று விநாடிக்கு ஐந்து மீட்டரை எட்டும்வரை இரவில் காற்றாடியை ஓட்டாமல் வைத்தார்கள். வௌவால் சாவு 44 முதல் 93 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட இழப்பில்லை. இவ்வளவு எளிய வேலையை நம் நாட்டில் யாரும் கட்டாயமாக்கவில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத கோபம். பழந்தின்னிகளுக்கு நீங்கள் செய்ய வேண்டியது, மாலையில் அவை மரத்தை விட்டுக் கிளம்பி எந்தத் திசையில் போகின்றன என்று சில நாள் உங்கள் நிலத்தில் நின்று பார்ப்பது. அந்தப் பாதை உங்கள் ஏழு ஏக்கரின் மேல்தான் என்றால் அங்கே கோபுரம் வேண்டாம்.

காற்றாடியைவிட அதிலிருந்து துணைமின் நிலையத்துக்குப் போகும் 33 கிலோவோல்ட் கம்பியை யாரும் கேட்பதில்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் பூநாரைகள் உயர் அழுத்தக் கம்பியில் சிக்கிச் செத்திருக்கின்றன. கானமயில்களுக்காக 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் போடச் சொன்னதும், 2024இல் அந்த ஆணையைத் தளர்த்தியதும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கூழைக்கடா சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். கம்பி எந்தக் குளத்தின் ஓரமாகப் போகிறது என்று வரைபடத்தைக் கேளுங்கள். குளக்கரையை ஒட்டிய பகுதியில் புதைகேபிள்தான் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம் அரசு பார்த்துக்கொள்ளாதா என்று நினைப்பீர்கள். பார்த்துக்கொள்ளாது. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், முன் அனுமதி வாங்க வேண்டிய திட்டங்களின் பட்டியலில் காற்றாலையே கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கில் அது ‘வெள்ளைப் பிரிவு’. தகவல் கொடுத்தால் போதும். புகை வராததால் தீங்கும் வராது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பழந்தின்னி வௌவாலை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்த சட்டத்தை மாற்றவே 2022 வரை ஆயிற்று. கூந்தன்குளம் அதே ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சாரில் இடம்பெற்றது. ஆனால் சரணாலய எல்லைக்கு வெளியே என்றால் வனத்துறை கையை விரிக்கும், வருவாய்த் துறை பட்டாவை மட்டும் பார்க்கும், மின்வாரியம் இணைப்பை மட்டும் பார்க்கும். எல்லைக் கல்லைப் பார்த்தா நாரை பறக்கிறது? ஆகவே உங்கள் சர்வே எண், சரணாலயத்தைச் சுற்றிக் கட்டுப்பாடுகள் உள்ள சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் வருகிறதா என்று மாவட்ட வன அலுவலருக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தரகர்கள் இன்னும் சிலவற்றைச் சொல்வார்கள். ஓர் இறக்கைக்குக் கறுப்பு வண்ணம் அடித்தால் போதும் என்பது ஒன்று. நார்வேயின் ஸ்மோலா தீவில் அது நல்ல பலன் தந்தது, ஆனால் அங்கே வண்ணம் அடித்தது நான்கே காற்றாடிகளுக்கு. கோபுரத்தடியில் செத்த பறவையை யாரும் பார்த்ததில்லை என்பது இன்னொன்று. இரவில் விழுந்ததை விடியுமுன் நாயும் நரியும் கொண்டுபோய்விடும். தேடாதவர் கண்ணில் எதுவும் படாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி பத்திரத்தில் இருக்கிறது. குத்தகை என்று பேசிவிட்டுப் பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பவர் கொடுத்துவிட்டால் கோபுரம் எங்கே வரும், கம்பி எப்படிப் போகும் என்று கேட்க உங்களுக்கு வாயில்லை. ஏழு ஏக்கரையும் அவர்களே எவருக்கும் விற்றுவிடலாம். கம்பெனியோடு நேரடியாக, பதிவு செய்த குத்தகைப் பத்திரம் மட்டுமே போடுங்கள். கோபுரம் நிற்கும் இடம் அளந்து வரைபடத்தோடு அதில் இருக்க வேண்டும். மந்தமான காற்றில் இரவு நிறுத்துவது, கம்பியைப் புதைப்பது, அடிபட்ட உயிர்களை மாதந்தோறும் தேடிப் பதிவு செய்வது ஆகிய மூன்றும் நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும். கையெழுத்துக்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் தரகர் கூட்டி வந்தவராக இருக்கக் கூடாது.

முன்பணத்துக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. அதன் நகலை இன்றே கேட்டு வாங்குங்கள். பணத்தைத் திருப்ப வேண்டி வந்தால் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.