இரண்டு மாதமா, இரண்டு தடவையா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நிர்வாகக் குழு 'பைமன்த்லி' கூட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. செயலாளர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் கூட்டுகிறார். மாதம் இரண்டு தடவை கூட்ட வேண்டும் என்கிறேன் நான். அகராதியைக் காட்டினேன், அவரும் பதிலுக்கு ஒரு அகராதியைக் காட்டுகிறார். எது சரி? மழுப்பாமல் ஒரே வரியில் சொல்லவும். - ஒரு வாசகர், மதுரை

பதில்: ஒரே வரிதானே, இந்தாருங்கள்: நீங்களும் சரி, செயலாளரும் சரி, விதியை எழுதிய மகானுபாவர்தான் தப்பு.

இதோடு நிறுத்தினால் அடுத்த தபாலில் செயலாளரின் கடிதம் வந்துவிடும். அதனால் கொஞ்சம் விரித்தே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இருவரும் காட்டியது ஒரே அகராதியாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டரைப் புரட்டுங்கள். 'பைமன்த்லி' என்ற சொல்லுக்கு 'இரண்டு மாதத்துக்கு ஒருமுறை' என்று ஒரு பொருள், 'மாதத்துக்கு இருமுறை' என்று இன்னொரு பொருள். ஆளுக்கொரு வரியில் விரலை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருப்பீர்கள். அகராதிக்காரரைத் திட்டியும் பயனில்லை. ஜனங்கள் ஒரு சொல்லை எப்படியெல்லாம் புழங்குகிறார்களோ அதை எழுதிவைப்பதுதான் அவர் வேலை, பஞ்சாயத்து பண்ணுவது அல்ல.

வம்பெல்லாம் முன்னால் நிற்கும் அந்த 'பை'யில் இருக்கிறது. லத்தீனிலிருந்து வந்த ஒட்டு அது. இரண்டு என்றும் பொருள்படும், இருமுறை என்றும் பொருள்படும். சைக்கிளுக்கு முன்னால் ஒட்டியபோது சிக்கல் இல்லை, சக்கரம் இரண்டு என்று கண்ணுக்கே தெரிகிறது. காலத்துக்கு முன்னால் ஒட்டியதும்தான் மாதத்தை இரண்டால் பெருக்குவதா வகுப்பதா என்று தெரியாமல் போகிறது. உங்கள் சங்கக் கணக்கில் சொன்னால் வருஷத்துக்கு ஆறு கூட்டமா, இருபத்துநான்கு கூட்டமா என்ற வித்தியாசம். நான்கு மடங்கு!

வருஷத்துக்கு மட்டும் ஆங்கிலேயர்கள் ஒரு வழி செய்துவைத்தார்கள். வருஷத்துக்கு இருமுறை என்றால் 'பை-ஆனுவல்', இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்றால் 'பை-எனியல்'. காதில் விழும்போது இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கின்றன, ஆனாலும் எழுத்திலாவது வேறுபாடு உண்டு. தேர்தல் ஆணையம் மாநிலங்களவைத் தேர்தலுக்கு இந்த இரண்டாவது சொல்லைத்தான் போடுகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வுபெற வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். 2012 டிசம்பர் 12-ல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் கலைக் கண்காட்சிக்கு 'பினாலே' என்று பெயர் வந்ததும் இதே வழியில். அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கு.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை இடங்கள் ஆறு ஆறாகக் காலியாகின்றன. தேர்தல் நடந்த வருஷங்களைப் பாருங்கள்: 2019, 2020, 2022, 2025. எங்கேயாவது வரிசையாக இரண்டு இரண்டு வருஷ இடைவெளி தெரிகிறதா? ஆனாலும் அறிவிப்பில் ஒவ்வொரு தடவையும் அந்த 'பை-எனியல்' இருக்கும். சொல் டெல்லிக்குப் பொதுவாக ஏற்பட்டது, நம் ஊர் காலண்டர் அதற்குக் கட்டுப்படவில்லை.

மாதத்துக்கும் வாரத்துக்கும் இந்த ஏற்பாடுகூடக் கிடையாது. ரிசர்வ் வங்கி 2014 ஏப்ரலிலிருந்து 'பைமன்த்லி' பணக்கொள்கை அறிக்கை வெளியிடுகிறது. அது இரண்டு மாதத்துக்கு ஒன்று, வருஷத்தில் ஆறு. இந்த ஒரு விஷயத்தில் ரிசர்வ் வங்கி உங்கள் செயலாளர் பக்கம். நம் வீட்டு மின்கட்டணமும் அவர் பக்கமே, கணக்கெடுக்க ஆள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார். இதைச் சொன்னேன் என்பதற்காக ரிசர்வ் வங்கி அறிக்கையைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு அவர் உங்கள் வீட்டுக்கு வந்து நின்றால் நான் பொறுப்பல்ல.

வாரத்துக்கு வந்தால் இது காசு சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது. அமெரிக்காவில் பல கம்பெனிகளில் 'பைவீக்லி' சம்பளம். அங்கே அதன் பொருள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதாவது ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி. வருஷத்துக்கு 26 சம்பளம். 'செமி-மன்த்லி' என்றால் மாதம் இருமுறை, பெரும்பாலும் 15-ம் தேதியும் மாதக் கடைசியும், ஆக 24 சம்பளம். வருஷச் சம்பளம் ஒன்றேதான் என்றாலும் ஒவ்வொரு தடவையும் கையில் வருகிற தொகை மாறும். முதல் வகையில் வருஷத்தில் இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் விழும். வீட்டுக் கடனை இதே கணக்கில் பாதிப் பாதித் தவணையாக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டுகிறவர்கள் அங்கே உண்டு. 26 பாதி என்றால் 13 முழுத் தவணை ஆயிற்றே. பன்னிரண்டு கட்ட வேண்டிய இடத்தில் வலியே தெரியாமல் ஒன்று கூடுதலாகப் போய், கடன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

'செமி' என்றால் பாதி. அப்புறம் 'செமஸ்டர்' என்பதும் அரை வருஷம் என்றுதானே ஆகிறது என்று கேட்பீர்கள். கணக்கு சரியாகத்தான் வருகிறது, ஆனால் வழி வேறு. லத்தீனில் ஆறுக்கு 'செக்ஸ்', மாதத்துக்கு 'மென்சிஸ்'. இரண்டும் ஒட்டி ஆறு மாதம் என்று ஆனதுதான் செமஸ்டர். பாதிக்கு அதில் பங்கே இல்லை.

பிரிட்டிஷ்காரர்களிடம் 'ஃபோர்ட்நைட்' இருக்கிறது. பதினான்கு இரவு என்ற பழைய ஆங்கிலத்தின் சுருக்கம். குழப்பமே வராது. அமெரிக்கர்கள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நாம்தான் இரண்டு ஊர் ஆங்கிலத்தையும் கலந்து வைத்துக்கொண்டு முழிக்கிறோம். இத்தனைக்கும் தமிழில் இந்தத் தொல்லை என்றைக்கும் இருந்ததில்லை. மாதம் இருமுறை, இருமாதம் ஒருமுறை என்று எண்ணை எங்கே வைக்கிறோமோ அங்கேயே விடை இருக்கிறது. 'மாதமிருமுறை' என்று அட்டையில் போட்ட பத்திரிகையை வாங்கியவர் யாரும் இரண்டு மாதம் காத்திருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மாதம் இரண்டு ஏகாதசி என்பதில் எந்தப் பாட்டியும் குழம்பியதும் இல்லை. வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று.

சங்கக் கூட்டமாவது போகட்டும், ஒரு போண்டா காபியோடு முடிந்துவிடும். மருந்துச் சீட்டில் காலக் கணக்கு பிசகினால் அப்படி விட முடியாது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டியது. மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் போட்டுக்கொண்டு உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. அதனால்தான் விவரமான டாக்டர்கள் 'வாரம் ஒருமுறை' என்பதோடு நிறுத்தாமல் கிழமையையும் சேர்த்து எழுதுகிறார்கள்: 'ஞாயிறு மட்டும்'. தினசரி மாத்திரைகளுக்கு நம் ஊரில் எழுதும் 1-0-1 இன்னும் தெளிவு. காலையில் ஒன்று, மத்தியானம் கிடையாது, ராத்திரி ஒன்று. எந்த மொழிக்காரருக்கும் புரியும், எந்த அகராதியும் வேண்டாம்.

இனி உங்கள் சங்கம். விதி இரு பொருள் தரும்போது, சண்டை வருவதற்கு முன்னால் எல்லோரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்ப்பதுதான் முறை. சங்கம் ஆரம்பித்த முதல் இரண்டு வருஷத்து மினிட் புத்தகத்தை எடுங்கள். கூட்டத் தேதிகள் பதினைந்து நாளுக்கு ஒன்றாக இருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். ஜனவரி, மார்ச், மே என்று தாவித் தாவி இருந்தால் பேசாமல் செயலாளருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். புத்தகமே எழுதவில்லை என்றால், உங்கள் சங்கத்தின் பிரச்சினை இந்தச் சொல் அல்ல.

எதுவாக இருந்தாலும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு விதியைத் திருத்தி, பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்துவிடுங்கள். 'ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் ஞாயிறு காலை 10 மணி' என்றோ, 'ஒற்றைப்படை மாதங்களின் இரண்டாம் சனி மாலை 6 மணி' என்றோ எழுதினால் போதும். அப்படியே இன்னொன்று: மாதம் இரண்டு கூட்டம் வேண்டும் என்று மல்லுக்கு நிற்கிறீர்களே, நடக்கிற ஆறு கூட்டத்துக்கு நீங்கள் எத்தனை தடவை போனீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. அதையும் அந்த மினிட் புத்தகத்தில் பார்த்துச் சொல்லவும்.