அப்பாவுக்குப் புரிகிற கேள்வி

கேள்வி: 2008-ல் இறந்த டிம் ரஸ்ஸர்ட் என்ற அமெரிக்க டிவி பத்திரிகையாளரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் 'நல்ல மகன், நல்ல அப்பா, ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போனவர்' என்றே உருகுகிறார்கள். பத்திரிகையாளனுக்கு இதெல்லாம் ஒரு தகுதியா?

பதில்: இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிற, கோயில் வாசலை மிதிக்காமல் ஒரு வாரம்கூட ஓட்டாத, ஆனால் ஒரு பத்தி உருப்படியாக எழுத வராத ஆட்கள் நாலைந்து பேரை எனக்கே தெரியும். (முதல் இரண்டும்கூட எனக்குக் கிடையாது என்று வீட்டில் சொல்வார்கள், அதை விடுங்கள்.)

ஆனால் ரஸ்ஸர்ட் விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். அவர் அப்பா, ஊரில் 'பிக் ரஸ்', பஃபலோ நகரத்தில் பகலில் துப்புரவுத் துறை வேலை பார்த்தவர், அது போதாமல் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிப் போகிற லாரியும் ஓட்டி நாலு பிள்ளைகளை வளர்த்தவர். ரஸ்ஸர்ட் அவரைப் பற்றி 2004-ல் புத்தகமே எழுதினார். அதைப் படித்துவிட்டுத் தங்கள் அப்பாக்களைப் பற்றி எழுதிப் போட்டவர்களின் கடிதமும் மின்னஞ்சலும் 60,000 வரை வந்தனவாம். சரி, இதுவும் பாசக் கதைதான். ஆனால் இந்தப் பாசம் வேலைக்குள்ளும் வந்தது என்பதைத்தான் உருகுகிறவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள்.

1991 நவம்பர். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் தலைவராக இருந்த டேவிட் டியூக், லூசியானா கவர்னர் தேர்தலில் நிற்கிறார். ஞாயிறுதோறும் அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்கிற 'மீட் தி பிரஸ்' டிவி நிகழ்ச்சிக்கு வந்தவரை ரஸ்ஸர்ட் இனவெறி பற்றிய கேள்விகளோடு விடவில்லை. உங்கள் மாநிலத்தில் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கிற மூன்று தொழில் நிறுவனங்கள் எவை என்று கேட்டார். வேலை வாய்ப்பு, வேலை வாய்ப்பு என்று பேசிக்கொண்டிருந்த மனிதர் முழித்தார். லாரி ஓட்டுகிறவருக்குப் புரிகிற கேள்வி அது. அடுத்த மாதமே நிகழ்ச்சி முழுதாக ரஸ்ஸர்ட் கைக்கு வந்தது, சாகிறவரை 16 வருஷத்துக்கு மேல் அவரிடமே இருந்தது. 2000 ஜனாதிபதி தேர்தல் இரவில் எல்லா சேனலும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் குளித்துக்கொண்டிருக்க, இவர் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் 'ஃப்ளோரிடா, ஃப்ளோரிடா, ஃப்ளோரிடா' என்று எழுதிக் காட்டினார்: முடிவு அந்த ஒரு மாநிலத்தின் கையில் என்று அர்த்தம். அதுவும் அதே வீட்டுப் பழக்கம்தான்.

பக்தியும் அப்படித்தான். மகன் நல்லபடியாகப் பிறந்தால் இனி ஒரு ஞாயிறு பூசையையும் விடுவதில்லை என்று வேண்டிக்கொண்டார், 1985-ல் லூக் பிறந்தான், பிறகு எந்த ஊரில் இருந்தாலும் பூசைக்குப் போய்விடுவார். சின்ன வயசில் இவர் துறுதுறுப்பைத் தாங்காமல் பள்ளிப் பத்திரிகைக்கு ஆசிரியராக உட்கார வைத்ததும் ஒரு கன்னியாஸ்திரிதான்.

இப்போது நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். இதே நல்ல மனிதர் அதிகாரத்தில் இருப்பவர்களிடம் ஏமாந்தாரா? என் கணக்கில், ஆம், கொஞ்சம். 2007-ல், ஒரு உளவு ரகசியம் கசிந்த விசாரணையில் பொய் சொன்னதாக அன்றைய துணை ஜனாதிபதி செனியின் உதவியாளர் லிபி மீது நடந்த வழக்கில், செனியின் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்தவர், செனியை இந்த நிகழ்ச்சிக்கு அனுப்பினால் சொல்ல வேண்டியதை நம் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டதைக் கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டார். ரஸ்ஸர்ட்டும் சாட்சி சொன்னார்: பெரிய அதிகாரிகள் போனில் சொல்வதை, கேட்காமலே, வெளியிடக் கூடாத பேச்சாகத்தான் எடுத்துக்கொள்வாராம். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அது மரியாதை. செய்தியாளரிடம் அது தப்பு. ஈராக் போருக்கு முந்தைய மாதங்களில் அந்தத் தப்புக்கு விலை அதிகம். இரங்கல் எழுதுகிறவர்கள் இதையும் நாலு வரி எழுதினால் அந்த மனிதருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மகன் கல்லூரி முடித்ததைக் கொண்டாட 2008 ஜூனில் குடும்பத்தோடு இத்தாலி போனார். மனைவியையும் மகனையும் அங்கேயே விட்டுவிட்டு, ஞாயிறு நிகழ்ச்சிக்காக இவர் மட்டும் முன்னால் திரும்பினார். 13-ம் தேதி வாஷிங்டன் அலுவலகத்தில் குரல் பதிவு செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பு. வயது 58. அந்த ஞாயிறு அங்கே தந்தையர் தினம். நிகழ்ச்சியில் அவர் நாற்காலியைக் காலியாகவே விட்டு வைத்தார்கள். பஃபலோவில் பிக் ரஸ் அப்போது உயிரோடு இருந்தார்.