கடல் மாறும்போது ஊர் என்ன செய்கிறது? கேள்வி பதில்

பதில் சொல்கிறவன் பாம்பன் பக்கத்து நாட்டுப்படகுக் குடும்பத்தில் பிறந்தவன், மீனவர் கூட்டுறவுச் சங்க வேலையில் இருப்பவன். கடலோர ஊர்களிலிருந்தும் வெளியிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பருவநிலை மாறிவிட்டது என்கிறார்கள். கடலுக்குப் போகிறவருக்கு அது எப்படித் தெரிகிறது, அண்ணா?

காற்றில்தான் முதலில் தெரிகிறது, தங்கச்சி. எங்களுக்கு இரண்டு கடல். பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, அது வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வந்தால் தலைகீழ். அதனால் காலங்காலமாக வள்ளத்தையும் வலையையும் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறுவோம். கரையில் தங்கித் தொழில் செய்யும் குடிசையான வாடியும் கூடவே இடம் மாறும்.

இப்போது அந்த மாற்றத்துக்கு நாள் குறிக்க முடியவில்லை என்றுதான் பெரியவர்கள் சொல்கிறார்கள். கச்சான் ஓய வேண்டிய நேரத்தில் ஓயவில்லை, வாடை பலமாக வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. இடம் மாறிப் போனவர் அங்கேயும் சும்மா உட்கார வேண்டியதாகிறது. காற்றைப் படிக்கும் அறிவு போய்விடவில்லை. விடியற்காலையில் மேகத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து அன்றைக்குப் போகலாமா என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்றால்தான் தயங்குகிறார்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு மீன் வியாபாரி: சாளை, அதாவது மத்தி மீன், ஒரு வருஷம் குவிகிறது, ஒரு வருஷம் கண்ணிலேயே படவில்லை. சூடுதான் காரணமா?

சூடு ஒரு காரணம். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் 1950க்கும் 2020க்கும் இடையில் சுமார் 1.2 டிகிரி சூடேறியிருக்கிறது. சாளை மேல்நீரில் திரியும் மீன். நீர்ச் சூடும் மழையும் அது தின்னும் நுண்ணுயிரிகளும் சேர்ந்துதான் அது எங்கே கூடும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கேரளத்தில் 2012இல் 4 லட்சம் டன்னை நெருங்கிய சாளை, 2021இல் சுமார் 3,300 டன்னுக்கு இறங்கியது. ஒரு காலத்தில் மேற்குக் கரையின் மீன் என்றே பெயர் எடுத்தது, 1980களுக்குப் பிறகு நம் கிழக்குக் கரையிலும் கூட்டமாக விழத் தொடங்கியது.

ஆனால் எல்லாப் பழியையும் சூட்டின் மேல் போடாதீர்கள். மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் பெரிய வலையான சுருக்குமடி, குஞ்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனதும் இதில் உண்டு. கடல் சரியில்லாத வருஷத்திலும் முட்டையிடும் மீன் மிஞ்சினால்தான் கூட்டம் திரும்பும்.

நாட்டுப்படகுக்காரர் இதைச் சமாளிப்பது பல வலை வைத்துக்கொண்டுதான். சாளை வலை, நண்டு வலை, கணவாய்க்குத் தூண்டில் என்று வைத்திருந்தால் ஒன்று ஏமாற்றினாலும் இன்னொன்று கை கொடுக்கும். ஒவ்வொரு வலைக்கும் காசு வேண்டுமே. அது வியாபாரியிடம் முன்பணமாக வருகிறது, அப்புறம் அவர் சொன்னதுதான் விலை. நீங்கள் அந்தத் தொழிலில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இராமநாதபுரத்திலிருந்து ஒரு ஆசிரியர்: பவளப்பாறை வெளுப்பதற்கும் மீன்பாட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நிச்சயம் உண்டு, ஐயா. நீர் அதிகம் சூடானால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010, 2016, 2024 ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது. பாறை செத்தால் மீன்குஞ்சுகள் ஒளிய இடமில்லை. இந்த வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கனவே நீருக்குள் போய்விட்டன. அதில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்த பழைய காலத்துக்கும் பங்கு உண்டு.

குமரி மேற்குக் கரையிலிருந்து ஒரு அக்கா: ஒக்கியில் எங்கள் ஊர் இழந்தது உங்களுக்குத் தெரியும். இனி அப்படி நடக்காது என்று சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது, அக்கா. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வெகு வேகமாகப் புயலாக வலுத்தது. எச்சரிக்கை கரையில் ஒலித்தபோது உங்கள் ஊர்ப் படகுகள் ஆழ்கடலில் நாள்கணக்காகத் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தன. அவர்கள் காதுக்கு அது எட்டவே இல்லை. அதற்குப் பிறகு விசைப்படகுகளுக்கு, படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி வந்திருக்கிறது, சாட்டிலைட் போன் வந்திருக்கிறது. சின்ன வள்ளத்துக்கு இன்னும் கைபேசிதான், கரையை விட்டுக் கொஞ்சம் விலகினால் சிக்னல் போய்விடும்.

அதனால் கருவியோடு ஊர் ஏற்பாடும் வேண்டும். யார் எந்தத் திசைக்குப் போனார், எப்போது திரும்புவார் என்று கரையில் ஒருவர் எழுதிவைப்பது, தனி வள்ளமாகப் போகாமல் சேர்ந்து போவது. பாம்பனில் மீனவர்களே நடத்தும் கடல் ஓசை வானொலி, 90.4, எங்கள் பேச்சிலேயே காற்றையும் அலையையும் சொல்கிறது. தெரிந்த குரல் சொன்னால் மக்கள் நம்பிக் கரையில் நிற்கிறார்கள்.

சென்னைக் குப்பத்திலிருந்து ஒரு தம்பி: கடல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. கடல் மட்டம் உயர்வதால்தானே?

அது மெதுவாக நடப்பது, தம்பி. வேகமாகத் தின்றது மனிதர் கட்டிய சுவர். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரைந்தது. கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டும் தூண்டில் வளைவு போட்டால் அதன் தெற்குப் பக்கம் மணல் சேரும், அரிப்பு வடக்கே அடுத்த ஊருக்குத் தள்ளப்படும். அதனால் கேட்பதானால் பக்கத்து ஊரோடு சேர்ந்து கேளுங்கள். மணல்தான் நமக்குத் தொழிற்கூடம். வள்ளம் ஏற்ற, வலை பொத்த, கருவாடு காய வைக்க வேறு இடம் எது?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: பெண்களைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

பேச வேண்டியதே அவர்களைப் பற்றித்தான். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையோடு மூச்சை அடக்கி முங்குகிறார்கள். நீர் சூடானால் பாசி குறைகிறது, கடல் கொந்தளித்தால் இறங்க முடியாது. இந்த நிலையில் அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, மீன் முட்டையிடும் பருவத்தில் 45 நாள் நிறுத்துவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வருமானம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது பெற்றது இந்த உழைப்புக்குத்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர்: அரசிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள், அண்ணே?

எச்சரிக்கை நாளுக்குக் கூலி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துக்கு நிவாரணம் உண்டு, மீன்பிடி குறைவான மாதங்களுக்கும் உண்டு. ஆனால் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு எந்த மாதத்திலும் வருகிறது, அடிக்கடி வருகிறது. வீட்டில் அரிசி இல்லாதவர் அதை மீறி வள்ளத்தைத் தள்ளுகிறார். அந்த நாட்களைக் கணக்கெடுத்து, ஆணுக்கும், மீன் விற்கும் பெண்ணுக்கும், பாசி எடுக்கும் பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும். அடுத்த ஊர்க்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள், நாங்களும் அனுப்புகிறோம்.