குழியில் இருக்கும் குழாயை மேலே தூக்குங்கள்: குடிநீர் பற்றி வாசகர் கேட்டவை

பேரூராட்சிக் குடிநீர்த் திட்டங்களில் வெகுகாலம் வேலை பார்த்தவன் என்பதால் தண்ணீர் சம்பந்தமான கடிதங்கள் என் மேசைக்கு வந்துவிடுகின்றன. இந்த முறை ஐந்து.

எங்கள் ஊருக்குக் கொள்ளிடத்துத் தண்ணீர். ஆறு மணலாகக் கிடக்கும்போதும் குழாயில் வருகிறது. சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கண்ணில் படவில்லையே, ஐயா? (லால்குடி பக்கம்)

அந்த மணல்தான் சுத்திகரிப்பு நிலையம். ஆற்றுக்குள் கோபுரம் மாதிரி நிற்கும் வட்டக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அது நீர் சேகரிப்புக் கிணறு. அதன் அடியிலிருந்து துளையிட்ட குழாய்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல மணலுக்குள் நீண்டிருக்கும். மேலே ஆறு வறண்டாலும் அடிமணலில் ஊற்று ஓடிக்கொண்டிருக்கும். மணலில் ஊறி வரும்போதே கலங்கலும் பெரும்பாலான கிருமிகளும் தங்கிவிடுவதால், குளோரின் மட்டும் சேர்த்து அனுப்புவது வழக்கம். அணையிலிருந்தோ ஓடும் ஆற்றிலிருந்தோ மேல்நீரை எடுத்தால் படிகாரம் கலந்து, தெளிய வைத்து, மணல் வடிகட்டியில் விட்டு, அதன்பிறகே குளோரின்.

இதனால்தான் மணல் அள்ளுவது குடிநீர்ப் பிரச்சினையும் ஆகிறது. ஆரக்குழாய்க்கு மேலுள்ள மணல் குறையக் குறைய வடிகட்டலும் குறையும், ஊற்றும் இறங்கும். ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போகும் காவிரித் தண்ணீரும் திருச்சிப் பக்கத்து ஆற்றுமணலிலிருந்து எடுப்பதுதான். இங்கே தோண்டினால் அங்கே குடம் காயும்.

தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் வாடை. பிள்ளைகள் குடிக்க மாட்டேன் என்கிறார்கள்.

லேசான வாடை நல்லது. தெருக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். நல்ல பவுடரில் ஏறத்தாழ கால் பங்கு குளோரின் உண்டு. 1000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகும். ஈரம் பட்டுக் கட்டியான பவுடரில் அந்த வீரியம் இருக்காது. அதற்கு ஈடாகக் கையளவில் கூட்டிப் போடுவார்கள். ஒருநாள் மூக்கைத் துளைக்கும், ஒருநாள் ஒன்றுமே இருக்காது. தொட்டியில் கரைசலை ஊற்றிய கையோடு வால்வைத் திறந்தாலும் பக்கத்து வீடுகளுக்கு வாடை தூக்கலாகப் போகும். அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும். வீட்டில் வாயகன்ற பாத்திரத்தில் சற்று நேரம் திறந்து வையுங்கள், வாடை குறைந்துவிடும்.

ஒகேனக்கல் தண்ணீர்தான் குடிக்கிறோம். ஆனாலும் பெரியவனுக்குப் பல்லில் பழுப்புக் கறை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகுமா? (தருமபுரி மாவட்டத் தாய்)

போகாது, அம்மா. தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, வேறு வழியே இல்லாத ஊருக்கு 1.5 வரை என்பது இந்தியத் தரநிர்ணயம். உங்கள் பகுதி போர்த் தண்ணீர் இதைத் தாண்டுவதால்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது, 2013-இல் திறந்தார்கள். பெரியவன் பல்லில் ஏறிய கறை, ஈறுக்குள் பல் உருவான காலத்திலேயே பிடித்தது. தண்ணீரை மாற்றுவதால் அது போகாது, பல் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். சின்னவர்களைக் காப்பாற்றலாம். ஒன்று கேட்கிறேன்: உலை வைப்பது எந்தத் தண்ணீரில்? குடிக்க ஆற்றுத் தண்ணீரும் சமைக்கப் போர்த் தண்ணீருமாக இருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சோறு, பருப்பு, குழம்பு வழியாக ஃபுளோரைடு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். ஊர்த் தொட்டியில் போர்த் தண்ணீரையும் கலந்து விடுகிறார்களா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள், மறைக்க மாட்டார்.

மூன்று நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள். திறந்ததும் ஐந்து நிமிடம் கலங்கல், சில நாள் சாக்கடை நாற்றம். தொட்டியைக் கழுவுவதே இல்லையோ?

'சுத்தம் செய்த நாள்' என்று தொட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஆனால் என் சந்தேகம் தொட்டி மேல் இல்லை, உங்கள் வாசல் மேல்.

வால்வை மூடியதும் மேட்டுத் தெருக் குழாயில் மிச்சமிருக்கும் நீர் பள்ளத்து வீடுகளுக்கு வடியும். குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டை எங்கிருந்தாலும் வெளியே நிற்பதை உள்ளே இழுக்கும். வீட்டு இணைப்புக் குழாய் பெரும்பாலும் சாக்கடையைக் குறுக்கே கடந்துதான் வருகிறது. இரும்புக் குழாயாக இருந்தால் துருப்பிடித்து ஓட்டை விழுவதும் அங்கேதான். பிரதானக் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் தண்ணீர் ஓடும்போதே இந்த இழுப்பு நடக்கும். உறிஞ்சியவர் வீட்டுக்கே சாக்கடை வரும் என்றில்லை, பக்கத்து வீட்டுக்கும் போகலாம்.

இன்னொன்று, குழிக்குழாய். அழுத்தம் போதவில்லை என்று வாசலில் முழ ஆழம் தோண்டி அதற்குள் குழாய் வைத்திருப்பார்கள். குடம் கழுவிய நீரும் மழைநீரும் அந்தக் குழியில் தேங்கும். மூடாத குழாயின் வாய் அதில் மூழ்கியிருக்க, தெருவில் தண்ணீர் நின்றதும் குழி முழுக்க உள்ளே போய்விடும். ஒரே தெருவில் ஏழெட்டு வீட்டுக்கு வயிற்றுப்போக்கு என்று போய்ப் பார்த்தபோது, தொட்டித் தண்ணீர் சுத்தமாக இருந்தது. காரணம் இப்படி ஒரு குழிதான்.

எனவே குழாயைத் தரைக்கு மேலே தூக்குங்கள். நீரைக் கீழே ஒரு சம்பில் விழவிட்டு, அங்கிருந்து மோட்டார் போடுங்கள். சாக்கடையைக் கடக்கும் துண்டை மாற்றி, சாக்கடை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாளி செடிக்கு. நாற்றம் உள்ள நாளில் எந்த வாளியும் குடிக்க வேண்டாம். பேரூராட்சிக்கு உடனே சொல்லுங்கள்.

குழாயில் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. குடிக்கலாமா?

கண்ணாடி டம்ளரில் பிடித்து இரண்டு நிமிடம் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்றுக்குமிழி, தாராளமாகக் குடிக்கலாம். மேலே தெளிந்து அடியில் ஏதாவது படிந்தால் குடிக்காதீர்கள். டம்ளரோடு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போங்கள்.